கொட்டகையில் வளரும் கன்றுக்கு நிமோனியா வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஐப்பசி அடைமழை பிடித்ததும் கால்நடை மருந்தக வாசலில் கன்றுக்குட்டிகள் கூடிவிடும். கொண்டுவருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ராத்திரி சாரல் அடிச்சுதுங்க, சளி பிடிச்சிருச்சு." ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதும் கொட்டகையைச் சுற்றித் தார்பாயை இழுத்துக் கட்டுவார்கள், இடுக்குகளில் சாக்கைச் செருகுவார்கள், கொசுவுக்காக உள்ளே மூட்டமும் போடுவார்கள். அடுத்த வாரம் பக்கத்துக் கன்றும் செரும ஆரம்பிக்கும்.

குளிர்தான் காரணம் என்றால் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் ஒரு கன்றுகூடத் தேறக்கூடாது. வயிறு நிறைந்து, உடம்பு காய்ந்து, படுக்க ஈரமில்லாத இடம் கிடைத்த கன்று ஓரளவு குளிரைத் தாங்கிவிடும். அது தாங்காதது கெட்ட காற்றை. நிமோனியாவை உண்டாக்கும் பாஸ்சுரெல்லா, மேன்ஹீமியா போன்ற கிருமிகள் பல கன்றுகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மாவே குடியிருப்பவை. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் அவற்றைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சாணியும் கோமியமும் கலந்த ஈரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அந்த மயிரிழைகளைச் செயலிழக்கச் செய்கிறது. கூடவே ஒரு வைரஸ் தொற்றும் வந்துவிட்டால், மூக்கிலிருந்த கிருமி நுரையீரலுக்குள் இறங்க வேறு எதுவும் தேவையில்லை.

ஒன்றிரண்டு முதல் பத்துப் பன்னிரண்டு கலப்பின மாடுகள் வரை வைத்து, கன்றுகளைக் கொட்டகையிலேயே கட்டி வளர்க்கும் புதியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கவனம் அதிகம் வேண்டியது பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று நான்கு மாதம் வரை. சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி கரைந்துகொண்டிருக்கும், கன்றின் சொந்தச் சக்தி இன்னும் தேறியிருக்காது. அந்த இடைவெளியில்தான் நோய் நுழையும்.

கன்று பிறக்கும் முன்பே

சினை மாட்டுக்குக் கடைசி 60 நாள் கறவையை நிறுத்தி மடியை வற்றவிடுங்கள். அந்த ஓய்வு கிடைக்காத மாட்டின் சீம்பால் அளவிலும் தரத்திலும் குறையும். கன்று போடும் இடத்தில் காய்ந்த வைக்கோல் பரப்பி வைக்க வேண்டும். அந்த மாடு நேற்றுவரை சாணிக் குழியோரம் கட்டிக்கிடந்தது என்றால், வேறு இடம் பாருங்கள்.

சீம்பால்: முதல் இரண்டு மணி நேரம்

மனிதக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி நஞ்சுக்கொடி வழியாகவே கிடைத்துவிடுகிறது. கன்றுக்கு அப்படிக் கிடையாது. மாட்டின் நஞ்சுக்கொடி அந்தப் புரதங்களை உள்ளே விடுவதில்லை. பிறக்கும்போது கன்று கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் வருகிறது. அதற்கு வேண்டியதெல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதையும் குடல் வழியாக அப்படியே ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும் திறன் முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். நேரம் போகப்போகக் குறைந்து, ஒரு நாளுக்குள் அந்த வழி அடைபட்டுவிடும். அதன்பிறகு எத்தனை லிட்டர் கொடுத்தாலும் அது வெறும் சத்துதான்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. "நஞ்சு விழாம பால் கறக்கக் கூடாது, கன்னையும் ஊட்ட விடக் கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். அதுவரை காத்திருந்தால் கன்றுக்குக் கிடைக்க வேண்டியதில் பெரும்பங்கு போய்விடும். உண்மையில் கன்று ஊட்டும்போது தாய்க்குச் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்கவைக்கும். நஞ்சு விழ அது ஒத்தாசைதான். பெரியவர்களிடம் சண்டை போடாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். "டாக்டரே சொன்னாருங்க" என்றால் பாதிப் பேர் கேட்டுக்கொள்வார்கள்.

அளவு எவ்வளவு? ஜெர்சி கலப்பினக் கன்று பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், பிறந்த 2 மணி நேரத்துக்குள் 2 முதல் 2.5 லிட்டர். பன்னிரண்டு மணி நேரம் ஆவதற்குள் இன்னும் ஒன்று, ஒன்றேகால் லிட்டர். பெரிய ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கன்றென்றால் அதற்கேற்பக் கூட்டுங்கள். காம்பில் விட்டுவிட்டு "குடிச்சிருக்கும்" என்று வந்துவிடாதீர்கள். முதல் ஈற்றுக் கிடேரி உதைத்துத் தள்ளும். மடி தாழ்ந்த மாட்டில் கன்று காம்பைத் தேடியே களைத்துவிடும். மடியைக் கழுவித் துடைத்து, கறந்து, அளந்து, நிப்பிள் பாட்டிலில் கொடுப்பதே நம்பிக்கையான வழி. ஒரே மூச்சில் குடிக்காவிட்டால் அரை மணி இடைவெளி விட்டு மறுபடி கொடுங்கள். வாயில் ஊற்ற மட்டும் கூடாது, ஏன் என்று கீழே வருகிறது.

சீம்பாலைக் கிண்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது நல்ல பழக்கம்தான், விட்டுவிடச் சொல்லமாட்டேன். முதல் கறவை கன்றுக்கு, அடுத்தடுத்த கறவையில் மிஞ்சுவது அண்டை வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் போதும். அதிகம் கறக்கும் மாடு இருந்தால் முதல் கறவையில் மிஞ்சியதை ஒரு லிட்டர் பாட்டிலில் அடைத்து ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். தாய் செத்துப்போன கன்றுக்கும் மடிநோய் வந்த மாட்டின் கன்றுக்கும் அது உயிர்காக்கும். உருக்கும்போது அடுப்பில் வைக்கக் கூடாது. கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பாட்டிலை அமிழ்த்தி வைத்து உருக்குங்கள். கொதிக்க வைத்தால் எதிர்ப்புப் புரதங்கள் கெட்டுவிடும்.

தொப்புளையும் அன்றே கவனியுங்கள். கொடியை இரண்டு விரல் கடை விட்டு, சுத்தமான கத்தரியால் நறுக்கி, டிங்சர் அயோடினில் முக்கிவிடுங்கள். காய்ந்து உதிரும்வரை தினமும் பார்த்து, ஈரமாக இருந்தால் மறுபடி வைக்கலாம். தொப்புளில் புகுந்த சீழ்க்கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டுக்கும் போகும், நுரையீரலுக்கும் போகும்.

காற்று: கன்றின் மூக்கு இருக்கும் உயரத்தில்

கொட்டகையில் நிற்கும் மனிதனின் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. படுத்திருக்கும் கன்றின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண். அம்மோனியா பிறப்பது தரையில். ஆகையால் நாம் "ஒண்ணும் நாத்தமில்லையே" என்று சொல்லும் இடத்திலேயே கன்று நாள் முழுக்க அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கலாம். விடிகாலையில், சாணி அள்ளும் முன், கன்று படுக்கும் இடத்தில் மண்டி போட்டுக் குனிந்து இரண்டு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறினாலோ கண் கரித்தாலோ உங்கள் கொட்டகையில் காற்றோட்டம் போதவில்லை. பகலில் போய்ப் பார்ப்பதில் பயனில்லை, அப்போது எல்லாம் திறந்திருக்கும்.

அடுத்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கன்றின் முதுகு உயரத்தில் பிடியுங்கள். புகை மெதுவாக மேலே போய், கூரை ஓரமாக வெளியேறினால் சரி. அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றால் காற்று தேங்குகிறது. படுக்கையாகச் சாய்ந்து ஓடினால் கன்றின் மேல் நேராகக் காற்று அடிக்கிறது. ஈர உடம்பில் அதுவும் கெடுதி. கூரைக்கடியில் காற்று ஓட வேண்டும், கன்று படுக்குமிடத்தில் அடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் வேலை.

செய்யும் விதம் எளிது. கன்றுப் பகுதியைச் சுற்றி இரண்டரை, மூன்றடி உயரத்துக்கு மட்டும் தடுப்புச் சுவரோ பலகையோ வையுங்கள். அதற்கு மேல் திறந்தே இருக்கட்டும். சாரலுக்குப் படுதா கட்டும்போதுதான் எல்லோரும் தவறுகிறார்கள்: மேலே கூரை விளிம்பில் ஆணியடித்துக் கீழே தொங்கவிடுவார்கள். இறக்கினால் மேல்காற்று மொத்தமாக அடைபடும், அடியிலுள்ள இடுக்கு வழியாகக் கன்றின் மேல் காற்று பாயும். தலைகீழாக மாற்றுங்கள். படுதாவின் அடி விளிம்பைச் சுவரோடு பொருத்தி, மேல் விளிம்பைக் கயிற்றில் கோத்து, கீழிருந்து மேலே ஏற்றுவதுபோல் கட்டுங்கள். எவ்வளவு மழை அடித்தாலும் கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்திருக்க வேண்டும். அந்த வழியாகச் சாரல் வருகிறதென்றால் கூரையை வெளியே இரண்டடி நீட்டுங்கள், அடைக்காதீர்கள்.

தகர சீட்டும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டும் போட்ட கொட்டகையில் மார்கழி, தை மாதங்களில் இன்னொரு தொல்லை உண்டு. ராத்திரி மாடுகள் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த சீட்டில் பட்டு நீர்முத்தாகி, விடியற்காலை சொட்டும். கன்றின் முதுகு ஈரமாக இருந்தால் மேலே பாருங்கள். முகட்டில் வெப்பக்காற்று வெளியேற வழி விட்டாலே இது பெரும்பாலும் நின்றுவிடும். முடியாதவர்கள் கன்றுப் பகுதிக்கு மேலே மட்டும் சீட்டுக்கடியில் தென்னங்கீற்று கட்டலாம்.

மூட்டம் பற்றி ஒரு வார்த்தை. வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகைப்பது கொசுவுக்கு நல்லதுதான், திறந்த வாசலில் மாடு கட்டியிருந்தால். அடைத்த கொட்டகைக்குள், அதுவும் கன்றுக்குப் பக்கத்தில், ராத்திரி முழுக்கப் புகையவிட்டால் அந்த நுரையீரலுக்கு நாமே கேடு செய்கிறோம். கன்றுத் தடுப்பைச் சுற்றிக் கொசுவலை கட்டிவிடுங்கள். செலவு ஒருமுறைதான்.

தரை

மண்டி போட்டபோது முழங்கால் நனைந்ததா? அதுவே தரைக்கான சோதனை. வேட்டியிலோ சேலையிலோ ஈரம் ஏறினால் கன்றும் நனைந்துதான் படுக்கிறது. சிமென்ட் தளம் கழுவ வசதி, ஆனால் கன்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதன்மேல் வைக்கோலைத் தாராளமாகப் போட வேண்டும். படுத்த கன்றின் கால்கள் வைக்கோலுக்குள் பாதிக்கு மேல் மறைகிற அளவு இருந்தால் மழைக்காலத்துக்குப் போதும். கரும்புச் சோகையும் ஆகும். நெல் உமியும் நைஸான மரத்தூளும் தூசி கிளப்பும், கன்றுக்கு வேண்டாம். பூசணம் பிடித்த வைக்கோலையும் "படுக்கத்தானே" என்று போட்டுவிடாதீர்கள், அதன் பொடி நேராக மூச்சில் போகும்.

தினமும் நனைந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டு மேலே காய்ந்ததைப் போடுங்கள். வாரம் ஒருமுறை மொத்தமாக மாற்றுங்கள். கன்றை உள்ளே கட்டியபடியே ஹோஸ் பைப்பால் தளத்தைக் கழுவும் வழக்கத்தை மழைக்காலத்தில் நிறுத்திவிடுவது நல்லது. கழுவிய தளம் காய வெயில் இருக்காது. பெரிய மாடுகளின் கோமிய வாய்க்கால் கன்றுப் பக்கமாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். பழைய கொட்டகைகளில் மீதமிருந்த மூலையைத்தான் கன்றுக்கு ஒதுக்கியிருப்பார்கள், வாய்க்கால் முடியும் இடமும் அதே மூலையாகத்தான் இருக்கும்.

இடம்: பால்குடிக் கன்று ஒன்றுக்குச் சுமார் 30 சதுர அடி இருந்தால் படுக்கை சீக்கிரம் நனையாது. இரண்டு கன்றுகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு வைத்தால் மூக்கோடு மூக்கு உரசாது. நான்கு பக்கமும் அடைத்துப் பெட்டி மாதிரி ஆக்கிவிட வேண்டாம், முன்பக்கம் திறந்திருக்கட்டும்.

யாரோடு யாரைக் கட்டுவது

வளர்ந்த மாட்டுக்கு ஒன்றும் செய்யாத கிருமி கன்றைச் சாய்த்துவிடும். கன்றுப் பகுதி தனியாக, முடிந்தால் காற்று வரும் திசையில் இருக்கட்டும். தீவனம் வைப்பதும் பால் கொடுப்பதும் சின்னக் கன்றில் தொடங்கிப் பெரியதில் முடியட்டும். செருமும் கன்றைக் கடைசியாகத் தொடுங்கள், பிறகு கையையும் வாளியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையிலோ வேறு எங்கேயோ கன்று வாங்கி வந்தால், நேராக உங்கள் கன்றுகளோடு கட்டாதீர்கள். மூன்று வாரம் தனியிடம். வண்டியில் நெருக்கியடித்து வந்த களைப்பில், வந்த நான்கைந்து நாளில்தான் அவற்றுக்குக் காய்ச்சல் கிளம்பும். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று முதல் நாளே சேர்த்துவிட்டால் அப்புறம் எல்லாக் கன்றுக்கும் வைத்தியம்.

பாலும் மருந்தும் கொடுக்கும் விதம்

எலும்பும் தோலுமான கன்றுக்கு எவ்வளவு நல்ல கொட்டகையும் உதவாது. ஒரு நாளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்பது குறைந்தபட்சம். மழை, குளிர் நாட்களில் அதற்கு மேல் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ கூட்டிக் கொடுங்கள். சொசைட்டிக்கு ஊற்றும் அளவு குறையுமே என்று கணக்குப் போடுவது புரிகிறது. ஆனால் நாளைக்கு மாடாக நிற்கப்போவது அந்தக் கிடேரிதான், அதன் நுரையீரலில் ஒருமுறை விழுந்த தழும்பு முழுதாக ஆறுவதில்லை. வளர்ச்சி பிந்தும், சினை பிந்தும், பாலும் குறையும்.

கொடுக்கும் விதத்திலேயே வரும் நிமோனியாவும் உண்டு, கிருமியே தேவையில்லை. பால் சீக்கிரம் இறங்கட்டும் என்று நிப்பிள் ஓட்டையைக் கத்தியால் பெரிதாக்குவார்கள். கன்று விழுங்கும் வேகத்தைவிடப் பால் வேகமாக வந்தால் புரையேறி மூச்சுக்குழாயில் போய்விடும். பாட்டிலைக் கவிழ்த்தால் துளித்துளியாகச் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. தாய் மடியில் குடிப்பதுபோல், அந்த உயரத்தில் பிடியுங்கள்.

மூங்கில் குழாயில் மருந்து புகட்டுவது இதைவிட ஆபத்து. ஒருவர் மூக்கைப் பிடித்துத் தலையை வானம் பார்க்கத் தூக்குவார், இன்னொருவர் நாக்கை வெளியே இழுத்துப் பிடிப்பார், மூன்றாமவர் எண்ணெயோ கஷாயமோ மொத்தமாக ஊற்றுவார். நாக்கை இழுத்துப் பிடித்தால் கன்றால் விழுங்கவே முடியாது. ஊற்றியதில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் போனால் வெளியே வராது. இரண்டு நாளில் மேல்மூச்சு வாங்கிச் சாகும் கன்றுகள் பல இப்படிப் போனவை. மருந்து கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தலையை இயல்பான மட்டத்தில் வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாய் ஓரமாக நுழைத்து, கொஞ்சம் விட்டு, விழுங்குவதைப் பார்த்து, அடுத்ததை விடுங்கள். இருமினால் உடனே தலையைத் தாழ்த்திவிடுங்கள்.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள்

முதல் குடற்புழு மருந்து பத்தாம் நாள் வாக்கில், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, மருத்துவர் சொல்லும் மருந்தும் அளவும். கொம்புக் குருத்து சுடுவது இரண்டு மூன்று வாரத்தில். கோமாரி தடுப்பூசி நான்கு மாதத்தில், தொண்டை அடைப்பான் ஆறு மாதத்தில். தொண்டை அடைப்பான் ஊசி போட்டால் நிமோனியா வராது என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் பாஸ்சுரெல்லாதான், ஆனால் வேறு வகை. அந்த ஊசியை நம்பிக் காற்றோட்டத்தை விட்டுவிட முடியாது. பால் மறக்கடிப்பது, இடம் மாற்றுவது, கொம்பு சுடுவது ஆகியவற்றுக்கு நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். அடைமழை வாரத்தில் எதுவுமே வேண்டாம்.

தினமும் ஒரு பார்வை

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக் கொட்டகையிலேயே தொங்கவிடுங்கள். இருமல் வரும்வரை காத்திருந்தால் தாமதம். முதல் அறிகுறி பால் வைத்ததும் ஓடிவராமல் நிற்பது. அப்புறம் காதைப் பாருங்கள். ஒரு காது மட்டும் தொங்கினாலும், தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் ஏதோ கோளாறு இருக்கிறது. கண்ணோரம் நீர்க்கோடு, மூக்கில் தண்ணீராக ஒழுகியது கெட்டிப்பட்டு மஞ்சளாவது எல்லாம் அடுத்த கட்டம்.

சந்தேகம் வந்தால் எண்ணெய் தடவிய தெர்மாமீட்டரை ஆசனவாயில் சாய்வாக நுழைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான். விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். படுத்து ஓய்வாக இருக்கும் கன்று நிமிடத்துக்கு 24 முதல் 36 முறை மூச்சு விடும், 40-க்கு மேல் போனால் கவனம். இதை விடிகாலையிலேயே எண்ண வேண்டும். சித்திரை வெயிலில் சீட்டுக்கடியில் நிற்கும் கன்றுக்கு நோய் இல்லாமலே மூச்சு இளைக்கும்.

மருந்தகம் தூரம் என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஊர்தி வர ஏற்பாடு உண்டு. போனில் வெப்பம், மூச்சு எண்ணிக்கை, எத்தனை நாளாக, கன்றின் வயது ஆகிய நான்கையும் சொல்லுங்கள். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி நீங்களே ஊசி போடுவது வேண்டாம். மருந்து எடைக்குத் தகுந்தது, எத்தனை நாள் என்பதும் கணக்கு. இரண்டாம் நாள் கன்று எழுந்து பால் குடித்துவிட்டது என்று மூன்றாம் ஊசியை விட்டவர்கள்தான் பத்து நாள் கழித்து மறுபடி வருகிறார்கள். இன்னொன்று: காய்ச்சலுக்கு டைக்குளோஃபினாக் போடச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். கால்நடைகளுக்கான அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. அது ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. தமிழ்நாட்டில் இன்று அவற்றைப் பார்க்க மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும். அதற்குப் பதிலாக மெலாக்சிகாம் என்ற மருந்து இருக்கிறது, மருத்துவருக்குத் தெரியும்.

நோய்ப்பட்ட கன்றைக் காற்றோட்டமுள்ள தனியிடத்துக்கு மாற்றி, குடிக்கத் தண்ணீர் எப்போதும் வையுங்கள். அதன் இரு பக்கமும் கட்டியிருந்த கன்றுகளுக்கு ஒரு வாரம் தினமும் காலையில் வெப்பம் பாருங்கள், அடுத்தது பெரும்பாலும் அவற்றில் ஒன்றுக்குத்தான் வரும். ஊசி நிறுத்தியபின் சில நாள் வெப்பம் ஏறாமல், தீவனமும் தின்றால் திரும்பக் கொண்டுவரலாம். அது படுத்த இடத்தின் வைக்கோலை முழுக்க அள்ளி எருக்குழியில் போட்டு, தரையைக் கழுவி, சுண்ணாம்பு தூவி, நன்றாகக் காயவிட்ட பிறகே அங்கே புதுக்கன்றைக் கட்டுங்கள்.